கைக்கு வந்ததெல்லாம் நிஜமா? டீப்ஃபேக் குறித்த வாசகர் கேள்வி – பதில்

டீப்ஃபேக், அதாவது ஏ.ஐ. கொண்டு செய்யும் போலிக் குரல், போலி வீடியோ, போலிப் படங்கள் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எங்கள் டிஜிட்டல் தடயவியல் ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள். கேள்வி கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பியின் குரலிலேயே போன் வந்தது. "அண்ணே, ஆக்ஸிடென்ட் ஆகிப்போச்சு, இந்த நம்பருக்கு எண்பதாயிரம் போட்டுவிடுங்க" என்று ஒரே அழுகை. சந்தேகம் வந்து வைத்துவிட்டு அவன் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆபீஸில் இருக்கிறான். குரலை எப்படி எடுத்தார்கள்? பேசும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?
– நகைக்கடைக்காரர், தெற்காவணி மூல வீதி

பதில்: போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டீர்களே, அதைவிட நம்பகமான சோதனை இன்றைக்கு எந்த ஆய்வகத்திலும் இல்லை.

குரலை எடுக்கப் பெரிய பதிவு வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ என்ற ஏ.ஐ. மாதிரி, 3 விநாடிப் பதிவைக் கேட்டே அந்தக் குரலில் பேசிக் காட்டியது. அதற்குப் பின் வந்தவை இன்னும் தேர்ந்தவை. ஸ்டேட்டஸில் போட்ட பிறந்தநாள் வாழ்த்தோ, ஒரு ரீல்ஸோ கிடைத்தாலே போதும்.

காதால் கேட்டுப் பிடிப்பது ஏன் கடினம் என்றால், போன் லைனே தடயத்தை அழித்துவிடுகிறது. சாதாரண அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். 4ஜி அழைப்பில் 7,000 வரை போகலாம். செயற்கைக் குரலின் பிசிறுகள் பலவும் இதற்கு மேலே, ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளில் இருக்கும். அவை உங்கள் காதுக்கு வந்தே சேராது. மீதிப் பிசிறை அழுகையும் ஆம்புலன்ஸ் சத்தமும் மூடிவிடும். அழுகிற குரலைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

மோசடிக்காரர்கள் இரண்டு வழிகளில் பேசுகிறார்கள். ஒன்று, தட்டச்சு செய்த வரியைக் குரலாக மாற்றுவது. இதில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வருமுன் ஓர் இடைவெளி விழும். குறுக்கே பேசினால் எதிர்முனை நிற்காமல் வரியை முடித்துவிட்டுத்தான் ஓயும். இரண்டாவது வழியில் ஒருவர் பேசப் பேச அவர் குரல் உடனுக்குடன் தம்பியின் குரலாக மாறும். குரலின் நிறம்தான் மாறுமே தவிர, பேச்சின் ஏற்ற இறக்கமும் சொல்லும் பேசுகிறவருடையதாகவே இருக்கும். வீட்டில் "அங்கிட்டு", "வந்தாக" என்று பேசுகிற தம்பி திடீரென்று வேறு ஊர் நடையில் பேசினால் உஷாராகுங்கள். ஆனால் வட்டார நடை சரியாக இருக்கிறது என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். அதையும் எழுதிக்கொடுத்துப் பேசவைக்க முடியும்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு ரகசியக் கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். குலதெய்வம் எது, படித்த பள்ளி எது என்பதெல்லாம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும், அது உதவாது. பதிலை வாட்ஸ்ஆப் குரூப்பில் எழுதிவைத்தாலும் பயனில்லை. வாயால் சொல்லிப் பழக்குங்கள். கடை கணக்காளரிடமும் ஒரு விதியைச் சொல்லிவையுங்கள்: போனிலோ வீடியோ காலிலோ முதலாளியே சொன்னாலும், புதுக் கணக்குக்குப் பணம் போகுமுன் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். 2024இல் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகள் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அந்த ஊழியர் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற முகங்கள் அத்தனையும் போலி.

பணம் போய்விட்டால் முதலில் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க இந்த எண் வழியாகத்தான் வங்கிகளுக்குத் தகவல் போகும்; ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, எதிர்க்கணக்கின் ஐ.டி. ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். போனில் அழைப்பு தானாகப் பதிவாகியிருந்தால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள்.

*

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கு முந்தின நாள் ராத்திரியே, பச்சைப் பட்டு உடுத்தி அவர் ஆற்றில் நிற்கும் படம் குரூப்பில் வந்துவிட்டது. வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். ஏ.ஐ. படம் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், செல்லூர்

பதில்: நிகழ்ச்சிக்கு முன்பே படம் வந்ததால் இரண்டே வாய்ப்புதான்: பழைய ஆண்டுப் படம், அல்லது உருவாக்கிய படம். பழைய படம் புதுத் தேதியோடு சுற்றுவது ஏ.ஐ. வருவதற்கு முன்பிருந்தே நடக்கிறது. அதை முதலில் விலக்குங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். முழுப் படத்தை ஒரு முறை, குதிரை வாகனத்தை மட்டும் வெட்டி ஒரு முறை. முழுப் படத்தில் கூட்டமும் தண்ணீரும்தான் தேடலை இழுத்துக்கொண்டு போகும்; வெட்டிய துண்டு பல நேரம் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கும்.

அடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தை அல்ல, ஓரங்களை. ஏ.ஐ. நடுப்பொருளை நன்றாகச் செய்யும், சுற்றியிருப்பதில் கோட்டைவிடும். அழகரைத் தூக்குகிற சீர்பாதம் தாங்கிகளின் தோள்மீது கம்பு உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறதா, ஒரு தோளில் நுழைந்து மறு தோளில் வேறு உயரத்தில் வருகிறதா? துருத்தியில் (தோல் பையில்) தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்களா? பொது வழிபாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்ற மாதிரிகளுக்கு இந்த ஊர் வழக்கம் தெரிவதில்லை. துருத்திக்குப் பதில் பிளாஸ்டிக் குடமோ பூக்கூடையோ வந்து நிற்கும். கூட்டத்தில் தூக்கிப் பிடித்த செல்போன்களைப் பாருங்கள். நிஜப் படத்தில் ஒவ்வொரு திரையிலும் அதே காட்சி சின்னதாகத் தெரியும். உருவாக்கிய படத்தில் திரைகள் வெறும் வெளிச்சமாகவோ சம்பந்தமில்லாத காட்சியாகவோ இருக்கும்.

எழுத்தும் நல்ல தடயம். வாழ்த்து பேனர், கடைப் பலகை ஆகியவற்றில் கொம்பும் காலும் தவறான எழுத்தோடு ஒட்டியிருக்கும், புள்ளி காணாமல் போயிருக்கும். இப்போதைய மாதிரிகள் பெரிய எழுத்தைச் சரியாக எழுதிவிடுகின்றன. அதனால் தூரத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள். கேமரா மங்கலாக எடுத்த எழுத்துக்கும், எழுத்தே இல்லாத கிறுக்கலுக்கும் தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு இடம். அழகர் இறங்குவது ஆழ்வார்புரம் பக்கம். பின்னணியில் 1889இல் கட்டிய ஏ.வி. பாலம் தெரிந்தால், அதன் கண்களையும் கைப்பிடிச் சுவரையும் வேறு நிஜப் படத்தோடு ஒப்பிடுங்கள். இல்லாத கோபுரம் ஒன்று பாலத்துக்குப் பின்னால் எழுந்து நின்றால் கேள்வியே இல்லை.

நிழல் சோதனை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பகலில் எடுத்த படத்துக்கு அது அருமையான சோதனை. படத்தை ஏ4 தாளில் அச்செடுங்கள். நிழலில் ஒரு புள்ளி, அந்த நிழலை உண்டாக்கிய பொருளில் அதே புள்ளி, இரண்டையும் ஸ்கேல் வைத்துக் கோட்டால் இணைத்து நீட்டுங்கள். இப்படி ஐந்தாறு கோடுகள் போட்டால், சூரியன் ஒன்றுதான் என்பதால் அவை எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும், அல்லது இணையாகப் போக வேண்டும். தேரோட்டப் படத்துக்கு இது பொருந்தும். ஆனால் அழகர் இறங்குவது விடிகாலையில். சுற்றிலும் பல திசைகளிலிருந்து விளக்குகள். அங்கே இந்தச் சோதனை செல்லாது. உச்சி வெயில் போல நிழல் காலடியில் நறுக்கென்று விழுந்திருந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

விரலை எண்ணிப் பார்க்கும் பழைய யோசனையை மறந்துவிடலாம். ஐந்து விரலையும் இப்போது சரியாகவே போடுகிறார்கள்.

*

கேள்வி: "கீழடியில் தங்கச் சிலை கிடைத்தது" என்று ஒரு படம். வகுப்பில் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– பள்ளி ஆசிரியை, திருப்புவனம்

பதில்: அகழாய்வில் படம் எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதையே பாடமாக நடத்துங்கள். கண்டெடுத்த பொருளைப் பதிவுக்காகப் படமெடுக்கும்போது பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் இருக்கும். குழியைப் படமெடுக்கும்போது வடக்கு திசையைக் காட்டும் அம்புக்குறியும், இடம், குழி எண், ஆழம், தேதி எழுதிய பலகையும் இருக்கும். குழியின் சுவர் செங்குத்தாக வெட்டப்பட்டு, மண்ணடுக்குகள் நிற வேறுபாட்டோடு தெரியும். உருவாக்கிய படங்களில் சிலை பளபளவென்று மண்ணில் பாதி புதைந்திருக்கும், சுற்றிலும் பத்துப் பேர் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருப்பார்கள், அளவுகோல் இருக்காது. இருந்தால் கட்டங்கள் ஒரே அளவில் இருக்காது.

அளவுகோல் இல்லாததாலேயே ஒரு படம் பொய் ஆகிவிடாது. செய்தியாளர் எடுத்த படத்திலும் அது இல்லாமல் இருக்கலாம். எனவே அடுத்த கேள்வி, இதை முதலில் யார் வெளியிட்டது என்பது. கீழடியில் தங்கச் சிலை கிடைத்தால் மாநிலத் தொல்லியல் துறை அறிவிக்காமல் இருக்காது. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் உங்கள் பள்ளிக்குப் பக்கம்தான். பிள்ளைகளை அழைத்துப் போய், அங்கே இருக்கும் நிஜப் பொருளையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: எங்கள் பகுதிப் பிரமுகர் ஒருவர் தகாதபடி பேசியதாக 40 விநாடி வீடியோ. மூன்று இலவச இணையதளங்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்று 12 சதவீதம் ஏ.ஐ. என்றது, ஒன்று 55, இன்னொன்று 91. எதை நம்புவது?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: மூன்றையுமே தீர்ப்பாக எடுக்காதீர்கள். 91 சதவீதம் என்பது "நூற்றுக்கு 91 பங்கு பொய்" என்று அர்த்தமல்ல. தான் பார்த்துப் பழகிய போலிகளோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அந்த மென்பொருள் போட்ட மதிப்பெண் அது. பழகாத வகைப் போலி வந்தால் மதிப்பெண் சரிந்துவிடும்.

இதற்குப் பழைய, தெளிவான சான்று ஃபேஸ்புக் நடத்திய டீப்ஃபேக் கண்டறியும் போட்டி. 2,114 பேர் கலந்துகொண்டார்கள். 2020இல் முடிவு வந்தபோது, வெளிப்படையான சோதனைத் தொகுப்பில் எட்டப்பட்ட உச்சம் 82.56 சதவீதம். யாருக்கும் காட்டாமல் மறைத்துவைத்த வீடியோக்களில் முதலிடம் பிடித்த மாதிரிக்குக் கிடைத்தது 65.18 சதவீதம்தான். பூவா தலையா போட்டாலே 50 வரும் என்பதை நினைவில் வையுங்கள். கருவிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன, போலிகளும் முன்னேறியிருக்கின்றன. பழகாததைக் கண்டால் தடுமாறும் குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. பயிற்சித் தொகுப்புகளில் மேலைநாட்டு முகங்களும் ஆங்கிலப் பேச்சும் அதிகம் என்பதால் நம் ஊர் வீடியோவுக்குத் தடுமாற்றம் இன்னும் கூடும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கருவி 95 சதவீதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். 1,000 வீடியோவில் 20 மட்டும் போலி. கருவி அதில் 19ஐப் பிடித்துவிடும். மீதி 980 நிஜ வீடியோவில் 5 சதவீதம், அதாவது 49ஐயும் போலி என்று சொல்லிவிடும். ஆக, போலி என்று காட்டிய 68இல் 49 நிஜம். நிஜமாகவே தப்பாகப் பேசிய ஒருவர் "கருவியே போலி என்கிறது" என்று தப்பித்துக்கொள்ளவும் இதே ஓட்டை வழிவிடும்.

வாட்ஸ்ஆப்பில் பல கை மாறிய கோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும், கருவிகள் தேடும் நுண்ணிய புள்ளி அமைப்பு அழிகிறது. சுருக்கத்தால் வரும் கட்டங்கள் போலியின் தடயம் போலத் தோன்றவும் செய்யும். உங்கள் மூன்று எண்களும் மூன்று திசையில் ஓட இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. முதலில் முழு வீடியோவைத் தேடுங்கள். 40 விநாடி எங்கிருந்தோ வெட்டப்பட்டது. மேடைப் பேச்சு என்றால் உள்ளூர் சேனலிலோ யூடியூபிலோ நீளமான பதிவு இருக்கும். இன்விட் என்ற இலவச பிரவுசர் இணைப்பில் வீடியோவைக் கொடுத்தால் முக்கியச் சட்டங்களை (ஃபிரேம்களை) பிரித்துத் தரும், அவற்றைப் படத் தேடலில் போடலாம். அசல் கிடைத்தால் அதோடு பேச்சு முடிந்தது.

கிடைக்காவிட்டால் உதட்டைப் பாருங்கள். ப, ம இரண்டையும் உதடு முழுதாக மூடாமல் சொல்ல முடியாது. வ சொல்ல, கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும். நிஜப் படத்தில் வாயை மட்டும் மாற்றிச் செய்த போலிகள் இந்த இடத்தில்தான் அடிக்கடி சறுக்கும். விஎல்சி பிளேயரில் வீடியோவை நிறுத்தி ஈ விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். "அம்மா", "அப்பா", "மதுரை", "பணம்" போன்ற சொல் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே உதடு மூடுகிறதா என்று பாருங்கள். விநாடிக்கு 25 சட்டம் ஓடும் வீடியோவில் மூடிய உதடு இரண்டு மூன்று சட்டங்களிலாவது தெரியும். ஒரே இடத்தில் தவறினால் விட்டுவிடுங்கள். பத்தில் ஐந்தாறு இடத்தில் தவறினால் கவனியுங்கள். விநாடிக்கு 15 சட்டத்துக்குச் சுருங்கிய வீடியோவில் நிஜமான மூடலே விடுபட்டுப்போகும் என்பதால் அதில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ஒலி தள்ளி ஓடும் வீடியோவிலும் அப்படித்தான்.

உண்மைச் சரிபார்ப்பு அமைப்புகளின் கூட்டணியான மிஸ்இன்ஃபர்மேஷன் காம்பாட் அலையன்ஸ் என்ற பெயரில் உருவாக்கிய டீப்ஃபேக் ஆய்வுப் பிரிவு ஒன்று இருக்கிறது. 2024 மார்ச்சில் அது தொடங்கிய வாட்ஸ்ஆப் உதவி எண்ணுக்குத் தமிழிலும் அனுப்பலாம். அதுவரை வீடியோவை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். "இது நிஜமா பாருங்க" என்று கேட்டு அனுப்புவதும் பரப்புவதுதான்.

*

கேள்வி: ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஒலிப்பதிவை என் கட்சிக்காரர் "ஏ.ஐ. குரல்" என்கிறார். தடயவியல் ஆய்வுக்கு அனுப்பக் கோரும்போது எதைக் கேட்பது?
– இளம் வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

பதில்: "இது போலியா?" என்று மட்டும் கேட்டால் "திட்டவட்டமாகக் கூற இயலவில்லை" என்ற பதிலோடு திரும்பி வரும். கேள்விகளைப் பிரியுங்கள். பதிவு இடைவெட்டு இல்லாமல் தொடர்ச்சியானதா? எந்தச் சாதனத்தில், எந்த மென்பொருளில் உருவானது. எத்தனை முறை மறுசுருக்கம் ஆனது? பின்னணி ஓசை முழுக்க ஒரே அறையுடையதா? செயற்கையாக உருவாக்கிய பேச்சின் அடையாளங்கள் உண்டா? குரல் இன்னாருடையதா? கடைசி இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது மிக முக்கியம். வழக்கமான குரல் ஒப்பீடு, இரண்டு குரல்களும் ஒத்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும். நன்றாகச் செய்த போலிக்குரலும் ஒத்துத்தான் இருக்கும். "குரல் பொருந்துகிறது" என்ற ஒற்றை வரியை "அவர்தான் பேசினார்" என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள். ஒப்பீட்டுக்குக் குரல் மாதிரி கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 349ஆம் பிரிவில் இருக்கிறது.

கோப்பு எது என்பதில் பிடிவாதமாக இருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்றைத் தாக்கல் செய்பவரும், மற்றதை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட சரம். கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையிலேயே இதைக் கணக்கிடலாம். ஆனால் ஒரு வரம்பைப் புரிந்துகொள்ளுங்கள்: ஹாஷ் எடுத்த பின் கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். போலியான கோப்புக்கும் அழகாக ஹாஷ் எடுக்கலாம். அதனால் பதிவு செய்த போனையே ஒப்படைக்கக் கோருங்கள். வாட்ஸ்ஆப் வழி வந்த பிரதி மட்டும் இருந்தால், அசல் எங்கே என்பதே உங்கள் முதல் குறுக்கு விசாரணை.

மின்சார ரீங்காரச் சோதனை என்று ஒன்று உண்டு. நம் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த எண் நொடிக்கு நொடி மிகச் சிறிதளவு ஏறி இறங்கும். அருகில் மின்சாதனம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒலிப்பதிவிலும் பதியும். மின்கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பதிவு நடந்த நேரத்தைக் கண்டுபிடிக்கலாம், நடுவில் வெட்டியிருந்தால் தாவலும் தெரியும். தென்மண்டலம் 2013 டிசம்பர் 31 அன்று தேசியக் கட்டமைப்போடு இணைந்துவிட்டதால், நாடு முழுக்க ஒரே ஏற்ற இறக்கம்தான்: மதுரையில் பதிந்ததா டெல்லியில் பதிந்ததா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. பதிவு சில நிமிடங்களாவது நீள வேண்டும். போன் அழைப்புப் பதிவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது என்பதால் அங்கே அநேகமாகப் பலிக்காது.

*

கேள்வி: என் தங்கையின் முகத்தை வைத்து ஆபாசப் படம் செய்து, பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். படம் போலி என்று நிரூபித்தால்தான் புகார் எடுப்பார்களா? வீட்டில் எல்லாரும் நொறுங்கிப்போயிருக்கிறோம்.
– உசிலம்பட்டிப் பக்கம்

பதில்: நிரூபிக்க வேண்டியதில்லை, அம்மா. இந்தப் பாரம் உங்கள் தங்கை மீது இல்லவே இல்லை. நிஜப் படமாக இருந்தாலும் சம்மதமின்றிப் பரப்புவது குற்றம். உருமாற்றிய படமும் குற்றம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே, செயற்கையாக மாற்றிய அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் தளம் நீக்க வேண்டும் என்று இருக்கிறது. 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை மேலும் சுருக்கியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ, 67, 67ஏ பிரிவுகளும் மிரட்டிப் பணம் கேட்டதற்கான பிரிவுகளும் இதில் சேரும்.

இன்றே செய்ய வேண்டியவை: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். அனுப்பியவரின் எண், கணக்கின் முகவரி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கின் இணைப்பையும் தனியாக நகலெடுத்து வையுங்கள், ஏனெனில் பெயரை மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். பிறகு பிளாக் செய்யலாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்; பெயரோடு கொடுத்தால் விசாரணை வேகமாக நகரும். உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரிலும் போங்கள். 181 பெண்கள் உதவி எண்.

தங்கைக்கு 18 வயது நிறைந்திருந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தைப் பயன்படுத்துங்கள். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது; அதன் ஹாஷ் மட்டும் போகும். சேர்ந்துள்ள சமூக வலைத்தளங்கள் அதை வைத்து அதே படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன் என்ற தளம், 1098 குழந்தைகள் உதவி எண். சிறுமியின் படம் என்றால் ஆதாரம் என்று சொல்லிக்கூட உறவினர்களுக்கு அனுப்பாதீர்கள். அதுவே தனிக் குற்றமாகும். போலீஸில் போனை நேராகக் காட்டுங்கள்.

தங்கையைத் தனியே விடாதீர்கள். "ஏன் போட்டோ போட்டே?" என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

*

கேள்வி: கண் சிமிட்டவில்லை என்றால் டீப்ஃபேக், முகத்தில் நாடித்துடிப்பு தெரியாவிட்டால் டீப்ஃபேக் என்கிறார்களே? வாட்டர்மார்க் இருக்கும் என்றும் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: கண் சிமிட்டல் 2018இல் நல்ல தடயமாக இருந்தது. சொன்ன வேகத்தில் திருத்திக்கொண்டார்கள். இரத்த ஓட்டத்தால் முகத்தோலின் நிறம் மிக நுண்மையாக மாறுவதை வைத்து இன்டெல் நிறுவனம் 2022இல் ஒரு கண்டறிவானை அறிவித்தது. 2025இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், தரமான டீப்ஃபேக்கிலும் மூல வீடியோவில் நடித்தவரின் நாடித்துடிப்பு அப்படியே கடந்து வந்துவிடுவதைக் காட்டினார்கள்.

கூகுளின் சின்த்ஐடி என்ற மறைமுத்திரை கண்ணுக்குத் தெரியாது; 2025 நவம்பர் முதல் ஜெமினி செயலியில் படத்தைக் கொடுத்துக் கேட்டால் சொல்லும். ஆனால் கூகுள் கருவிகளில் செய்த படத்துக்குத்தான் அது பொதுவாக இருக்கும். "முத்திரை இல்லை" என்ற பதிலுக்கு "நிஜம்" என்று பொருள் கொள்ளாதீர்கள். படம் எந்தக் கேமராவில் பிறந்தது, எங்கே திருத்தப்பட்டது என்பதைக் கையெழுத்திட்டுக் கூடவே வைத்திருக்கும் சி2பிஏ முறை இன்னும் நம்பிக்கை தருவது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் நிற்கும்.

*

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு. தமிழ்ப் போலிக்குரலைக் கண்டறிவதை ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா? சாதாரண லேப்டாப் போதுமா?
– மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: தாராளமாக எடுங்கள். ஐ.ஐ.டி. ஜோத்பூரும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து டீப்ஃபேக் கண்டறியும் திட்டம் ஒன்றை மத்திய அரசின் இந்தியாஏஐ இயக்கத்தில் பெற்றிருக்கின்றன. ஆனால் நம் வட்டாரப் பேச்சுக்கான பதிவுத் தொகுப்பு போதாது, அதை நீங்கள் செய்யலாம். தேனி, ராமநாதபுரம், மதுரைப் பேச்சு கலந்து 20 பேர், ஆணும் பெண்ணும் பாதிப்பாதி. எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். ஆளுக்கு 60 வாக்கியம், ஒவ்வொன்றும் 5 முதல் 8 விநாடி. அதே வாக்கியங்களை மூன்று வெவ்வேறு குரல் உருவாக்கும் மென்பொருள்களில் போலியாகச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நான்கு வழியாகக் கடத்துங்கள்: அசல் கோப்பு, வாட்ஸ்ஆப் குரல்செய்தி, போன் அழைப்புப் பதிவு, ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு இன்னொரு போனில் பதிந்தது.

இரண்டு மென்பொருளின் போலிகளை வைத்துப் பயிற்சி கொடுத்து, மூன்றாவதை வைத்துச் சோதியுங்கள். 14 பேர் பயிற்சிக்கு, மீதி 6 பேர் சோதனைக்கு. ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் இருந்தால் உங்கள் மாதிரி ஆளைத்தான் மனப்பாடம் செய்யும். மூன்றாவது மென்பொருளில் மதிப்பெண் சரியும். அதை மறைக்காமல் எழுதுங்கள், அந்தச் சரிவுதான் உங்கள் ஆய்வின் மதிப்பு.

பெரும்பாலோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. போலிக் கோப்புகளின் தொடக்கத்தில் அமைதி குறைவாக இருக்கும், நிஜப் பதிவில் ஆள் பேசத் தொடங்குமுன் அரை விநாடி இருக்கும். மாதிரி அந்த அமைதியை மட்டும் கற்றுக்கொண்டு 99 சதவீதம் காட்டும். ஏஎஸ்விஸ்பூஃப் 2019 என்ற உலகப் புகழ்பெற்ற தொகுப்பிலேயே இந்தக் கோளாறு இருந்ததை 2021இல் கண்டுபிடித்தார்கள். முன்னும் பின்னும் அமைதியை வெட்டுங்கள், எல்லாக் கோப்பையும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஒலியளவைச் சமன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 24 கிலோஹெர்ட்ஸில் பிறந்ததெல்லாம் போலி என்று அது கற்றுக்கொள்ளும். முதலில் எல்எஃப்சிசி என்ற ஒலி அம்சங்களோடு ஓர் எளிய மாதிரி, அடுத்து வேவ்2வெக் 2.0 என்ற முன்பயிற்சி பெற்ற பேச்சு மாதிரியின் அடிப்படையில் ஒன்று. முடிவைச் சமப் பிழை வீதத்தில் (போலியை நிஜம் என்பதும் நிஜத்தைப் போலி என்பதும் சமமாகும் இடத்தின் பிழை வீதம்) சொல்லுங்கள், வெறும் துல்லியச் சதவீதத்தில் அல்ல. கூகுள் கோலாபின் இலவச ஜி.பி.யு. இந்த அளவுக்குப் போதும்.

மேற்படிப்புக்குக் காந்திநகர் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். எங்கே படித்தாலும் சிக்னல் ப்ராசஸிங்கை ஆழமாகப் படியுங்கள். இந்தத் துறையில் மாதிரியை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய, ஒலியைப் படமாகக் காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரோகிராமைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

*

கேள்வி: கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பின்னணியில் நிற்கிற ஆளை ஏ.ஐ. வைத்து நீக்குகிறோம், முகத்தை லேசாகப் பளிச்சாக்குகிறோம். இதுவும் டீப்ஃபேக் ஆகுமா? நான் எடுத்த நிஜப் படத்தை ஒரு தளம் "ஏ.ஐ." என்கிறது.
– திருமங்கலம்

பதில்: சாதாரணத் திருத்தம் டீப்ஃபேக் ஆகாது. வராத உறவினரை வந்ததாகச் சேர்ப்பது, பேசாததைப் பேசியதாக வைப்பது வேறு. வாடிக்கையாளர் கேட்டாலும் எழுத்தில் சம்மதம் வாங்கி, ஆல்பத்திலேயே குறித்துவிடுங்கள். நிஜப் படத்தை "ஏ.ஐ." என்று காட்டுவதற்குத் தோலை மிருதுவாக்கும் ஃபில்டரும், இரைச்சலை நீக்கும் மென்பொருளும் பெரும்பாலும் காரணம். சென்சாரின் இயல்பான புள்ளி இரைச்சலை அவை துடைத்துவிடுகின்றன. அது இல்லாத படம் கருவியின் கண்ணுக்குச் செயற்கையாகத் தெரியும்.

தகராறு வந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு). ஒவ்வொரு சென்சாருக்கும் தனக்கே உரிய நுண்ணிய இரைச்சல் அமைப்பு உண்டு. அதே கேமராவில் வெறும் வானத்தை 30, 40 முறை படமெடுத்துக் கொடுத்தால் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். எனவே மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக ஃபார்மேட் செய்யும் முன் ரா கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஹாஷ் பட்டியலை அதே தேதியில் உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் கடிகாரத்தையும் ஒரு தடவை பாருங்கள். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்திருந்து போடும்போது தேதி பழையதுக்குப் போய், ஒழுங்கான படத்துக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.